எட்டாவது விருப்பம்

அந்தக் காகிதத்தை விரல் நுனியில் பிடித்தபோதே அவனுக்குக் குமட்டியது.

அவ்வளவு லேசில் குமட்டல் வருகிற ஆள் இல்லை அவன். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக அழுக்கு மூட்டை பிரிக்கிற வேலை. ரத்தம், சீழ், வாந்தி, இன்னும் பேர் சொல்லவே கூசுகிற எல்லாமும் அவன் கைவழியாகத்தான் போகும். ஒரு தடவை போர்வைக்குள்ளிருந்து யாரோ ஒரு பெரியவரின் பல் செட் வந்து விழுந்தது. எடுத்துக் கழுவி வார்டுக்குத் திருப்பி அனுப்பினான், கையைக் கழுவினான், உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'செக்கிங்' என்று பேர் வைத்திருந்தார்கள். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் மிஷினுக்குள் விடமாட்டான். வீட்டிலும் அதே பேர்தான் ஒட்டிக்கொண்டது. துணி அழுக்கு அவனை ஒன்றும் செய்யாது. மனுஷர்கள் பண்ணுகிற அசிங்கத்தைக் கண்டால்தான் வயிற்றைப் புரட்டும்.

இந்த அசிங்கத்தைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. காலையிலேயே வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, போருக்குப் போய் ஜெயித்து வந்தவர் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"படிச்சியாடா? சும்மா பக்காவா எழுதியிருக்கார்ல?"

படித்தான். இன்ன பெண், சென்ற மாதம் இன்ன தேதிகளில் மனக்குழப்பத்துக்கு ஆளாகி, எதையும் தெளிவாக யோசித்து முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று ஒரு டாக்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தியிருந்தார்.

"டாக்டர் இவளைப் பார்த்தாரா?"

"எதுக்குடா பார்க்கணும்? அதான் நான் சொன்னேன்ல!"

சீ என்றிருந்தது அவனுக்கு. சமையலறை வாசலில் நின்ற தங்கச்சியைப் பார்த்தான். பதினேழு வயசு. வீட்டில் எல்லாருக்கும் அவள் பொடிசு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் முகம் சுருங்கிப்போயிருந்தது. அவளைப் பார்த்தும் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனைக்கும் காரணம் இவள்தானே!

விஷயம் இதுதான். பொடிசுக்கு ஒரே ஆசை, செயற்கைக் கை கால் செய்து பொருத்துகிற படிப்பு. அது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. பத்து வயசிலேயே பக்கத்து வீட்டு மூணுகால் நாய்க்குப் பிளாஸ்டிக் குழாயில் கால் செய்து கட்டிவிட்டவள். நாய் அரை நாள் அதை ஊன்றி நடந்தது, மிச்ச அரை நாள் அதைக் கடித்துத் தின்றது. அவள் மட்டும் விடவில்லை. அந்தப் படிப்பு இருப்பது ஒரே ஒரு கல்லூரியில், மொத்தமே முப்பது இடம். மார்க்கும் வேண்டிய அளவு வாங்கிவிட்டாள். விண்ணப்பத்தில் எட்டு விருப்பங்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதல் விருப்பம் கிடைக்கிற மார்க் இருந்தால் அதையே ஒதுக்கிவிடுவார்கள், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எட்டாவது இடத்தை வெறுமே விடக்கூடாதே என்று, யாரும் சேராத தோல் பதனிடும் படிப்பைப் போட்டு வைத்தாள்.

மூன்று நாளைக்கு முன்னால் முடிவு வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் முதல் விருப்பமே கிடைத்துள்ளது: தோல் பதனிடும் தொழில்நுட்பம்.'

வரிசை அப்படியே தலைகீழாகப் போயிருந்தது. பொடிசு பரீட்சை மும்முரத்தில் இருந்ததால், பட்டியலை நம்பர் போடாமல் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையால் எழுதி அண்ணனிடம் கொடுத்திருந்தாள். அவன்தான் ஆஸ்பத்திரி சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்பினான். அனுப்பிய விண்ணப்பத்தில் வெறும் குறியீட்டு நம்பர்தான் இருக்கும், படிப்பின் பேர் இருக்காது. அதனால் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கியபோதும் யாருக்கும் தெரியவில்லை.

"நான் மேலதான் முதல் விருப்பத்தை எழுதினேன்" என்றாள் பொடிசு, அன்றைக்கு.

"எழுதியிருந்தா நான் அப்படியே அடிச்சிருப்பேன்ல? நான் ரெண்டு தரம் பார்த்துத்தான் அனுப்பினேன். நீ தலைகீழா எழுதிட்டு என் தலையில கட்டாத" என்றான் அவன். அவள் எழுதிய சீட்டை, விண்ணப்பம் அனுப்பிய அன்றே கிழித்துப் போட்டிருந்தான்.

அம்மாவுக்கு இதற்குமேல் விசாரணையே தேவைப்படவில்லை. "செக்கிங் தப்புப் பண்ணுவானாடி? ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் படிச்சு உனக்குத்தான் புத்தி பிசகியிருக்கு!" லாரி ஓட்டிக்கொண்டு வெளியூரில் இருந்த அப்பா போனில் கேட்டுவிட்டு, "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பை முடித்துவிட்டார்.

திருத்தம் கேட்க இன்று சாயங்காலம் நாலு மணிதான் கடைசி. தவறவிட்டால் தோல் பதனிடப் போக வேண்டியதுதான், இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இரண்டே காரணத்தைத்தான் ஏற்றுக்கொள்வார்களாம். ஒன்று, விண்ணப்பித்தவருக்கு அந்த நேரத்தில் உடம்பு முடியாமல் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ஆள் தப்புச் செய்திருக்க வேண்டும், அந்த ஆளே நேரில் வந்து கைப்பட எழுதித் தர வேண்டும்.

"ரெண்டாவது நமக்கு ஆகாது. நம்ம பையன்தான் கரெக்டா அடிச்சிருக்கானே" என்று சித்தப்பா முதல் வழிக்குப் போய்விட்டார். அதன் விளைவுதான் இந்தக் காகிதம்.

"எனக்குப் பிடிக்கல சித்தப்பா" என்றான் அவன். "நல்லா இருக்கற பொண்ணை இப்படி..."

"வேற வழி இருந்தா சொல்லுடா, கேட்டுக்கறேன்."

வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. காகிதத்தை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நெஞ்சுக்குப் பக்கத்தில் செத்த எலியை வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

சேர்க்கை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. உள்ளே கால் வைக்க இடமில்லை. வேர்வையும் ஈரக் குடையும் கழிவறையும் கலந்து ஒரு நாற்றம். அதையாவது பொறுக்கலாம். வந்திருந்த ஜனங்களைப் பார்க்கத்தான் அவனுக்குச் சகிக்கவில்லை. ஒருத்தர் எல்லார் எதிரிலும் தன் பையன் மண்டையில் குட்டிக் குட்டி, "எரும, எரும" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் விண்ணப்பத்தில் குத்தியிருந்த குண்டூசியை உருவிக் காது குடைந்தார், குடைந்துவிட்டு முனையை உற்றுப் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்ப விண்ணப்பத்திலேயே குத்தினார். ஒரு அம்மா மகளைச் சுட்டிக்காட்டி யாரென்று தெரியாத ஆளிடமெல்லாம் மூக்கைச் சிந்திச் சிந்தி முறையிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தூ, என்ன ஜென்மங்கள்! பெற்ற பிள்ளையை இப்படியா நாலு பேர் முன்னால் நாறடிப்பது? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் சட்டைப்பையில் இருப்பதை அந்த நேரத்தில் சௌகரியமாக மறந்துவிட்டான்.

"நீ இங்கயே நில்லு" என்று பொடிசைத் தூண் ஓரமாக நிறுத்திவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தான். படித்த கையோடு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நாலாம் சன்னலுக்குப் போனான். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரசீது எங்க?" என்றார்.

"என்ன ரசீது?"

"மூணாம் சன்னல்ல சீல் வாங்கினீங்களா? ரெண்டுல சரிபார்த்தாங்களா? ஒண்ணுல டோக்கன் போட்டீங்களா?"

எதுவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு காவலாளி வந்து அவன் முழங்கையைப் பிடித்து அறிவிப்புப் பலகைக்கே திரும்பக் கூட்டிப்போனார்.

"சார், படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கு. நேரா நாலுக்குப் போறீங்களே! எல்லாரும் மேலருந்துதானே சார் படிப்பாங்க? நீங்க என்ன, கீழருந்து படிக்கிறீங்களா?"

காவலாளி வேடிக்கையாகத்தான் சொன்னார். இவனுக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது.

ஆமாம். அவன் கீழிருந்துதான் படிக்கிறான்.

சலவைக்கூடத்தில் அப்படித்தான். வார்டில் அழுக்குத் துணியை மூட்டைக்குள் போடப்போட ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். கடைசியாகப் போட்டது மூட்டையில் மேலே இருக்கும், சீட்டில் அடியில் இருக்கும். மூட்டையைத் திறந்தால் அதுதான் முதலில் கைக்கு வரும். அதனால் பிரிக்கிறவன் சீட்டைக் கீழிருந்து மேலாக டிக் அடித்துக்கொண்டே போவான். நாளைக்கு அறுபது எழுபது சீட்டு, பதினோரு வருஷம். அவன் கண் அப்படியே பழகிப்போனது. கடைக்குப் போனாலும் அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலில் கடைசிச் சாமானைத்தான் முதலில் கேட்பான்.

பொடிசு தன் எட்டு விருப்பத்தையும் எதில் எழுதிக் கொடுத்தாள்? அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்த அதே சலவைச் சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத்தான். அந்த மஞ்சள் தாளைப் பார்த்ததும் விரல் தானாகவே அடி வரியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கீழிருந்து மேலாக அடித்தான். சரிபார்த்தான். எப்படிச் சரிபார்த்தான்? அதையும் கீழிருந்து மேலாகத்தான். இரண்டு தரமும்.

தப்பு அவனுடையது. முழுசாக அவனுடையது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? தூணடியில் நிற்கும் தங்கச்சியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். இவன் என்ன செய்தான் தெரியுமா? ஒன்றாம் சன்னலுக்குப் போய் டோக்கன் வாங்கினான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன ண்ணா?"

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

இரண்டு மணி நேரம் நின்றார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவன் மனசு போட்ட கணக்கு இருக்கிறதே, அதைப் பிரித்துப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரி மூட்டையும் தோற்றுவிடும். சீட்டுதான் கிழிஞ்சு போச்சே, யாருக்குத் தெரியப்போகுது? சான்றிதழ்தான் கையில் இருக்கே, வேலை எப்படியும் முடிஞ்சிடுமே. இப்பப் போய் நான்தான்னு சொன்னா அப்பா என்ன நெனப்பாரு? அம்மா என்ன நெனப்பா? சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அவளுக்கு இடம் கெடைச்சா சரி, யார் மேல தப்பு இருந்தா என்ன? இப்படியே போயிற்று. காது குடைந்த ஆள் எதிரில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரே பரவாயில்லை என்று தோன்றியது அவனுக்கு.

இரண்டாம் சன்னலில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, வந்த காகிதத்தையெல்லாம் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"காரணம்?"

அவன் உறையை எடுத்து நீட்டினான். அந்த அம்மாள் சான்றிதழைப் படித்தார், பொடிசைப் பார்த்தார், திரும்பப் படித்தார்.

"ஏம்மா, இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"இங்க பாருங்க" என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இதைச் சேர்த்தா திருத்தம் கெடைச்சிடும். ஆனா இது இவளோட ஃபைல்லயே கெடக்கும். இவ கேக்கறது ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு. சேர்றதுக்கு முன்னாடி தகுதிப் பரிசோதனை உண்டு, வேலைக்குப் போறப்பவும் உண்டு. ஒவ்வொரு தடவையும் இந்தக் காகிதத்தைப் பார்த்துட்டுத்தான் கேள்வி கேப்பாங்க. நெசமாவே முடியாம இருந்திருந்தா தப்பே இல்ல, தாராளமா வைக்கலாம். அப்படித்தானா?"

பொடிசு அண்ணனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல மேடம், வச்சுக்குங்க" என்றாள்.

அந்தப் பரவால்லதான் அவனைப் பிடுங்கி எறிந்தது. தன்னைப் பைத்தியம் என்று சொல்கிற காகிதத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் பதினேழு வயசுப் பெண் பரவால்ல என்கிறாள், இருபத்தொன்பது வயசுத் தடிமாடு பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் வந்தது அவனுக்கு.

"அதைக் கொடுங்க மேடம்." சன்னலுக்குள் கையை விட்டுச் சான்றிதழைப் பிடுங்கினான். நாலாய், எட்டாய்க் கிழித்தான். "இவளுக்கு ஒண்ணும் இல்ல. இவ சரியாத்தான் எழுதிக் கொடுத்தா. நான்தான் தலைகீழா அடிச்சிட்டேன். கீழருந்து மேல படிச்சு அடிச்சிட்டேன்."

பொடிசு சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "எழுதுங்க."

எழுதினான். 'விண்ணப்பத்தை நிரப்பும்போது வரிசையில் பிழை நேர்ந்துவிட்டது' என்று. அந்த அம்மாள் அதைத் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"அதுவா வந்து நேர்ந்துச்சா? யாரு பண்ணது? அதை எழுதுங்க."

பார்த்தீர்களா, ஒப்புக்கொண்ட பிறகும் புத்தி எங்கே போகிறதென்று! காது மடல் எரிய இன்னொரு தாள் வாங்கி எழுதினான். 'என் தங்கை சரியாக எழுதிக் கொடுத்த பட்டியலை நான் தலைகீழாக அடித்து அனுப்பினேன். தவறு என்னுடையது. அவள் மீது தவறு எதுவும் இல்லை.' கையெழுத்துப் போட்டான்.

"சரி, உள்ள வந்து கம்ப்யூட்டர்ல வரிசையை மாத்துங்க. ஒருத்தர் சொல்லுங்க, ஒருத்தர் அடிங்க."

"வேணாம் மேடம், நானே அடிக்கிறேன்" என்றாள் பொடிசு. அண்ணனைத் திரும்பிப் பார்க்காமலே, "அவர் வெளியில இருக்கட்டும்" என்றாள்.

அவர்! வெளியே போய் நின்றான்.

மூன்றரை மணிக்கு அவள் சீல் வைத்த ரசீதோடு வந்தாள். அடுத்த சுற்று ஒதுக்கீடு பத்து நாளில். அந்தப் படிப்பில் இன்னும் ஆறு இடம் இருக்கிறதாம், அவள் மார்க்குக்குக் கிடைத்துவிடும் என்று அதிகாரியே சொன்னாராம். இதை யாரோ வழிப்போக்கனிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"திட்டிடு பொடிசு. என்ன வேணாலும் திட்டு."

அவள் ரசீதை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாள் எனக்கு நல்லாத் தெரியும், நான் சரியாத்தான் எழுதினேன்னு" என்றாள். "அம்மாகிட்ட சொன்னேன். அப்பாகிட்ட சொன்னேன். உன்கிட்ட எத்தன தடவ சொன்னேன்! எல்லாரும் இல்ல இல்லன்னே சொன்னீங்க. ரெண்டாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எழுதினதை நெனச்சு நெனச்சுப் பார்க்கறேன், எது மேல எது கீழன்னே ஞாபகம் வரல. இன்னைக்குக் காலையில சித்தப்பா அதைக் கொண்டுவந்தப்ப, டாக்டரே எழுதியிருக்காரே, நெசமாவே எனக்குப் புத்தி சரியில்லையோன்னு நெனச்சேன் ண்ணா."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா எடுத்த எடுப்பில்.

"மாத்தியாச்சு. அம்மா, கேளு. தப்பு என்னோடது. நான்தான் தலைகீழா அடிச்சேன். எழுதிக் கொடுத்துட்டேன்."

அம்மாவின் குரல் தழுதழுத்தது. "என் சாமி! தங்கச்சிக்காகப் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டியாடா? யாருக்கு வரும் இந்த மனசு?" பக்கத்தில் சித்தப்பா, "அவன் யாரு, எங்க அண்ணன் புள்ளையாச்சே!" என்பதும் கேட்டது.

ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடிதான், அந்தப் பேச்சு அவன் காதுக்கு இனித்தது. இனித்தது என்று தெரிந்ததும் வயிறு புரண்டு தொண்டைவரை வந்தது. பதினோரு வருஷத்தில் எந்த மூட்டையும் அவனை இப்படிப் புரட்டியதில்லை.

"அம்மா!" என்று கத்தினான். படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "நான் யாரையும் காப்பாத்தல. பழியெல்லாம் போட்டுக்கல. தப்பே நான்தான் பண்ணேன். பண்ணிட்டு மூணு நாளா அவள அழ வச்சேன். புத்தி பிசகிடுச்சுன்னு சொன்னல்ல? பக்கத்துலதான் இருக்கா. இல்லன்னு சொல்லு."

"இதெல்லாமாடா சொல்லணும்? அவளுக்குத் தெரியாதா?"

"அவளுக்குத் தெரியலம்மா. சொல்லு."

போனைப் பொடிசின் மடியில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை, வெறுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அம்மா ஏதோ ஆரம்பித்தாள், நிறுத்தினாள். சித்தப்பா என்னவோ கேட்க, "நீங்க சும்மா இருங்க" என்று அடக்கினாள். பிறகு அவ்வளவு சன்னமான குரலில், அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, சொன்னாள்.

"உனக்கு ஒண்ணுமில்லடி. நீ நல்லாத்தான் இருக்க. நான்தான் தெரியாம பேசிட்டேன்."

மூன்று நாளாக அழுது முடித்துவிட்டவள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பொடிசு போனை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, சின்னக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். அவன் எழுந்து, அவளை யாரும் இடித்துவிடாதபடி குறுக்கே நின்றுகொண்டான். ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்ததால் பேசாமல் நின்றான்.